பெல்ச்சர் சொன்ன வேலி: மிக்மாக் மண்ணில் ஒரு பயணம்

திங்கட்கிழமை, அன்னாபொலிஸ் ராயல்

கனடாவின் கிழக்கோரத்தில் அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில், அங்குள்ள பழங்குடியினரான மிக்மாக் மக்களும் பிரிட்டிஷ் காலனி அரசும் பதினெட்டாம் நூற்றாண்டில் செய்துகொண்ட உடன்படிக்கைகள் இன்றைக்கும் நீதிமன்றங்களில் வழக்காகவும் மீன்பிடித் துறைகளில் தகராறாகவும் நடமாடுகின்றன. அவை கையெழுத்தான இடங்களையும் மீறப்பட்ட இடங்களையும் நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். ஹாலிஃபாக்ஸில் வேலை பார்க்கும் என் மனைவியின் தம்பி விடுப்பு எடுத்துக்கொண்டு கார் ஓட்ட முன்வந்ததால் அது இந்த ஆண்டு கைகூடியது. அன்றன்று பார்த்ததை அன்றன்றே எழுதிப் பதிவிடுகிறேன்.

முதலில் வந்து சேர்ந்தது ஃபோர்ட் ஆன் கோட்டை. புல் மூடிய மண்மேடுகள் நட்சத்திர வடிவில் மடிந்து மடிந்து ஆற்றை நோக்கி இறங்குகின்றன. நடுவில் நிறையப் புகைபோக்கிகளுடன் பழைய அதிகாரிகள் குடியிருப்பு நிற்கிறது. ஓதம் வற்றியிருந்த நேரமாதலால் ஆற்றின் இரு கரையிலும் செந்நிறச் சேறு பளபளத்தது. இதே ஆற்றின் மறுகரையில் 1605இல் பிரெஞ்சுக்காரர்கள் போர்ட் ராயல் என்ற குடியிருப்பை அமைத்தார்கள். அவர்களை வரவேற்று வாழவிட்ட மிக்மாக் தலைவர் மெம்பெர்டு, 1610 ஜூன் 24 அன்று தம் குடும்பத்தாருடன் ஞானஸ்நானம் பெற்றார். பிரெஞ்சுக்காரர்களுக்கும் மிக்மாக்குகளுக்கும் இடையே உண்டான நட்பு அடுத்த 150 ஆண்டுகள் ஏறக்குறைய முறியாமல் நீடித்தது. அங்கே வந்த பிரெஞ்சுக்காரர்கள் எண்ணிக்கையில் குறைவு; தோல் வணிகமும் மீனும்தான் அவர்களுடைய முதல் தேவை; குடியேறிய சில ஆயிரம் பேரும் ஓதம் பாயும் சதுப்பைக் கரை கட்டி மீட்டுப் பயிரிட்டார்கள். ஆகவே மிக்மாக்குகளின் காட்டிலும் ஆற்றிலும் அவர்கள் பெரிதாகக் கைவைக்க வேண்டியிருக்கவில்லை. நட்புக்குப் பெருந்தன்மை காரணம் என்பதைவிட இந்தக் கணக்கு காரணம் என்றே எனக்குப் படுகிறது.

1710இல் இந்தக் கோட்டையைப் பிரிட்டிஷார் கைப்பற்றினார்கள். 1713இல் உட்ரெக்ட் உடன்படிக்கையின்படி பிரான்ஸ், தான் அகாடியா என்று அழைத்து வந்த இந்தப் பகுதியைப் பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தது. அந்தப் பேச்சுவார்த்தையில் மிக்மாக்குகளைக் கேட்டவர் எவருமில்லை. தங்கள் மண்ணைத் தங்களைக் கேளாமல் ஓர் அரசன் இன்னோர் அரசனுக்கு எப்படிக் கொடுக்கலாம் என்று அவர்கள் கேட்ட கேள்விக்குப் போர்தான் விடையாக வந்தது. அது ஓய்ந்தபின் 1725 டிசம்பரில் பாஸ்டனில் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டு, 1726 ஜூன் 4 அன்று இந்தக் கோட்டையில் மிக்மாக் தலைவர்கள் அதை உறுதிசெய்தார்கள்.

உடன்படிக்கையின் வாசகத்தை இணையத்திலிருந்து எடுத்து வைத்திருந்தேன். மண்மேட்டின் மேல் உட்கார்ந்து இருவரும் படித்தோம். நோவா ஸ்கோஷியாவின் மீது பிரிட்டிஷ் அரசருக்குள்ள ஆட்சியுரிமையை மிக்மாக்குகள் ஒப்புக்கொள்கிறார்கள். ஏற்கெனவே உள்ள குடியேற்றங்களுக்கும் இனிமேல் சட்டப்படி அமையும் குடியேற்றங்களுக்கும் தொல்லை தருவதில்லை என்கிறார்கள். பதிலுக்குத் துணை ஆளுநர் ஜான் டூசெட், அவர்களுடைய வேட்டையிலும் மீன்பிடிப்பிலும் பயிர்த்தொழிலிலும் யாரும் தலையிடமாட்டார்கள் என்று தனியே எழுதிக் கொடுத்தார்.

படித்து முடித்த என் மைத்துனன், "அத்தான், நிலத்தைக் கொடுக்கிறோம் என்று இதில் எங்கேயாவது இருக்கிறதா?" என்று கேட்டான்.

எங்கும் இல்லை. இதில் மட்டுமல்ல, 1725 தொடங்கி 1779 வரை ஏற்பட்ட எந்த உடன்படிக்கையிலும் மிக்மாக்குகள் ஒரு சாண் நிலத்தைக்கூட எழுதிக் கொடுக்கவில்லை. கனடாவின் மேற்கே பிற்காலத்தில் செய்யப்பட்டவை பெரும்பாலும் நிலத்தைக் கைமாற்றும் உடன்படிக்கைகள். இங்கே உள்ளவை சமாதானமும் நட்பும் பற்றியவை. ஆனால் "சட்டப்படி அமையும்" குடியேற்றம் எது என்று யார் முடிவு செய்வது என்பதை மட்டும் எழுதியவர்கள் திறந்தே விட்டுவிட்டார்கள். பின்னால் வந்த தொல்லைகளில் பாதி அந்த வாசல் வழியாகத்தான் நுழைந்தன.

செவ்வாய்க்கிழமை, சோல்னியர்வில்

செப்டம்பர் 30. உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான நாள் என்று கனடா முழுவதும் அனுசரிக்கப்படுவதால் வழியெங்கும் ஆரஞ்சு நிறச் சட்டை அணிந்தவர்களைப் பார்த்தோம். உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்ட பழங்குடிக் குழந்தைகளின் நினைவாக அணியப்படும் சட்டை அது. அதைப் பற்றி வியாழக்கிழமை எழுத வேண்டியிருக்கும்.

சோல்னியர்வில் துறைமுகம் மிகச் சிறியது. சிங்கி இறால் பிடிக்கும் கம்பி வலைக் கூண்டுகள் ஆளுயரத்துக்கு அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் சுருட்டிய கயிறும் வண்ணம் பூசிய மிதவையும் திணிக்கப்பட்டிருக்கின்றன. வணிகப் பருவம் நவம்பர் கடைசியில்தான் தொடங்கும் என்பதால் அவை அதுவரை கரையில் காத்திருக்கும். 2020 செப்டம்பர் 17 அன்று சிபெக்னெகாடிக் என்ற மிக்மாக் சமூகத்தார் இந்தத் துறையிலிருந்து, அரசுப் பருவத்துக்கு வெளியே, தாங்களே வழங்கிக்கொண்ட உரிமங்களோடு கடலுக்குப் போனார்கள். உரிமம் ஒன்றுக்கு 50 கூண்டுகள். இந்தப் பகுதியின் வணிகப் படகு ஒன்றுக்கு 375 முதல் 400 கூண்டுகள் வரை அனுமதி உண்டு. இருந்தும் உள்ளூர் மீனவர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டார்கள். கூண்டுக் கயிறுகள் அறுக்கப்பட்டன, வண்டி எரிக்கப்பட்டது, அக்டோபர் 17 அன்று மிடில் வெஸ்ட் பப்னிகோவில் மிக்மாக்குகளின் இறால் வைக்கப்பட்டிருந்த கிடங்கே தீக்கிரையானது.

எதிர்த்து நின்றவர்களில் பலர் அகாடியர்கள், அதாவது மெம்பெர்டு வரவேற்ற பிரெஞ்சுக்காரர்களின் வழித்தோன்றல்கள். 1755இல் துணை ஆளுநர் சார்லஸ் லாரன்ஸ் அவர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி நாடு கடத்தியபோது, தப்பியோடியவர்களுக்குக் காட்டில் துணை நின்றவர்கள் மிக்மாக்குகள். கூண்டுகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த வயதான மீனவர் ஒருவரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். தீ வைத்ததை அவர் நியாயப்படுத்தவில்லை. ஆனால் உரிமத்துக்காக வங்கியில் வாங்கிய கடனைப் பிள்ளைகள் அடைத்துக்கொண்டிருக்கையில், ஒரே கடலில் ஒருவருக்கு ஒரு பருவம், இன்னொருவருக்கு இன்னொரு பருவம் என்பதை எப்படி ஏற்பது என்று கேட்டார். அவருடைய அச்சம் பொய்யானதல்ல. ஆனால் மிக்மாக்குகளும் பருவத்தை வீம்புக்காக மீறவில்லை. தங்கள் கையில் 1760ஆம் ஆண்டின் தாள் ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள். அந்தத் தாளில் இருப்பது என்ன என்பதை வெள்ளிக்கிழமை பாம்கெட்டில் பார்ப்போம்.

புதன்கிழமை, ஹாலிஃபாக்ஸ்

அக்டோபர் 1, உடன்படிக்கை நாள். வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவையும் நட்சத்திரமும் பிறையும் கொண்ட மிக்மாக் கொடி நகரத்தின் நடுவே ஏறியது. முரசொலியும் உரைகளும் ஒருபுறம் இருக்க, என் கண் போனது கூட்டத்தில் நின்ற மூதாட்டிகளின் தொப்பிகள் மீதுதான். கருநிறத் துணியில் உச்சி கூராக எழும்பி, ஓரமெங்கும் மணிகள் கோத்த இரட்டைச் சுருள் வளைவுகள் ஓடும் அந்தத் தொப்பியை அருகில் பார்த்தால், மணி ஒவ்வொன்றும் எள்ளளவு.

இந்தத் தேதி 1752இல் ஜான் பாப்டிஸ்ட் கோப் என்ற தலைவரும் ஆளுநர் ஹாப்சனும் செய்துகொண்ட உடன்படிக்கையிலிருந்து வந்தது. நட்பு நீடிக்கும் காலம் வரை ஆண்டுதோறும் அக்டோபர் முதல் நாள் மிக்மாக்குகளுக்குப் போர்வையும் புகையிலையும் வெடிமருந்தும் கொடுப்பதாக அதில் எழுதியிருக்கிறது. ஆனால் அக்டோபர் 1 என்ற தேதிக்கு இன்னொரு வரலாறும் உண்டு.

1749 கோடையில் எட்வர்ட் கார்ன்வாலிஸ் சுமார் 2,500 குடியேறிகளோடு இந்தத் துறைமுகத்தில் வந்திறங்கினார். மிக்மாக்குகள் தலைமுறை தலைமுறையாகக் கோடையில் கூடிய இடம் இது. கேட்காமல் கோட்டை கட்டுவது 1726 உடன்படிக்கைக்கு எதிரானது என்று அவர்கள் கருதினார்கள். இந்த நிலம் எங்களுடையது, இங்கே நீ வீடு கட்டுகிறாய், கோட்டை கட்டுகிறாய் என்ற பொருளில் செப்டம்பர் மாதம் கடிதமும் அனுப்பினார்கள். மரம் வெட்டப் போனவர்கள் தாக்கப்பட்டதும் கார்ன்வாலிஸின் ஆலோசனைக் குழு அக்டோபர் 1 அன்று பியூஃபோர்ட் கப்பலில் கூடியது. முறைப்படி போர் அறிவித்தால் மிக்மாக்குகளைச் சுதந்திரமான மக்கள் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், எனவே அவர்களைக் கொள்ளையராகவும் அரசருக்கு எதிரான கலகக்காரராகவுமே நடத்த வேண்டும் என்று குழு முடிவு செய்தது. மறுநாள் அறிவிப்பு வெளியானது: பிடித்து வந்தாலும் கொன்று தலைத்தோலை உரித்து வந்தாலும் மிக்மாக் ஒருவருக்குப் பத்து கினி என்னும் பொற்காசு. அடுத்த ஆண்டு அந்தத் தொகை ஐந்து மடங்காக உயர்ந்தது. 1756இல் லாரன்ஸ் மறுபடியும் இத்தகைய அறிவிப்பை வெளியிட்டார்.

இந்த ஆலோசனைக் குழுவின் குறிப்பைப் படித்தவர்களுக்கு, பின்னால் நடந்தவை எல்லாம் விளங்கிவிடும் என்று நினைக்கிறேன். சமாதானம் தேவைப்பட்டபோது மட்டுமே அரசு மிக்மாக்குகளை ஒரு மக்களினமாகக் கருதியது. தேவை தீர்ந்ததும் அந்தத் தகுதியைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

1931இல் இந்த நகரம் கார்ன்வாலிஸுக்கு நிறுவிய சிலை, நீண்ட போராட்டத்துக்குப்பின் 2018 ஜனவரி 31 அன்று அகற்றப்பட்டது. அது நின்ற பூங்காவுக்கு இப்போது சமாதான நட்புப் பூங்கா என்று பெயர். இந்தக் கார்ன்வாலிஸ், திப்பு சுல்தானைத் தோற்கடித்து 1792இல் திண்டுக்கல்லையும் பாராமகாலையும் கம்பெனிக்கு எழுதி வாங்கிய கார்ன்வாலிஸ் பிரபுவின் சிற்றப்பா. திப்புவின் மகன்கள் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சியைப் பீடத்தில் செதுக்கிய அண்ணன் மகனின் சிலையைச் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் பார்த்திருப்பீர்கள்.

மாலையில் ஸ்பிரிங் கார்டன் சாலையில் பழைய நீதிமன்றக் கட்டடம் நிற்கும் பக்கமாக நடந்தோம். அன்று இது ஆளுநரின் பண்ணை. 1758இல் லூயிஸ்பர்க் கோட்டையும் மறு ஆண்டு கியூபெக்கும் பிரிட்டிஷார் கைக்கு வந்துவிட்டதால் மிக்மாக்குகளுக்குப் பிரெஞ்சுத் துணை அற்றுப்போனது. பிரிட்டிஷாருக்கோ, அகாடியரை வெளியேற்றிய நிலங்களில் நியூ இங்கிலாந்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடிவைக்க அமைதி தேவைப்பட்டது. ஆகவே 1760, 1761 ஆண்டுகளில் ஒவ்வொரு சமூகத்தோடும் தனித்தனியே உடன்படிக்கை செய்துகொண்டார்கள். 1761 ஜூன் 25 அன்று இந்தப் பண்ணையில் நடந்த சடங்கில் கோடரி மண்ணில் புதைக்கப்பட்டது. அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஜோனதன் பெல்ச்சர், நோவா ஸ்கோஷியாவின் முதல் தலைமை நீதிபதியும் ஆவார். சட்டங்கள் உங்கள் உரிமைகளையும் உடைமைகளையும் சுற்றி நிற்கும் பெரிய வேலியாக இருக்கும், அந்த வேலியை உடைத்து உங்களுக்குத் தீங்கு செய்பவர் மீது சட்டத்தின் முழுப் பாரமும் விழும் என்று அவர் தலைவர்களிடம் கூறியதாக அரசுப் பதிவிலேயே இருக்கிறது. மறு ஆண்டு கடற்கரையோர நிலங்களை மிக்மாக்குகளுக்கென ஒதுக்கி அவர் வெளியிட்ட அறிவிப்பு லண்டன் மேலதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. அது நடைமுறைக்கு வரவே இல்லை.

வியாழக்கிழமை, ஷுபெனகாடி

வேலி என்ன ஆயிற்று என்பதை அறிய இங்கேதான் வர வேண்டும். 1780களில் அமெரிக்கப் புரட்சியில் தோற்ற தரப்பினர் பல்லாயிரக்கணக்கில் வந்து குவிந்ததும் மிக்மாக்குகள் தங்கள் மண்ணிலேயே சிறுபான்மையாகிப் போனார்கள். போரிடும் வலிமை அவர்களிடம் இல்லை என்று ஆனபின் ஆண்டுப் பரிசுகள் உதவித்தொகையாகச் சுருங்கின. பிறகு அதுவும் நின்றது. ஒதுக்கித் தந்த நிலங்கள் பெரும்பாலும் பயிருக்கு உதவாதவை. உதவிய சில இடங்களிலும் குடியேறிகள் அத்துமீறிப் புகுந்து வேலியடைத்துக்கொண்டார்கள்.

இந்தப் பகுதியின் தலைவர் பெமினுவிட் பால் 1841இல் விக்டோரியா மகாராணிக்குக் கடிதம் அனுப்பினார். என் தோணி சிறியது, நான் கிழவன், பெருங்கடலைத் தாண்டி வந்து உங்களோடு பேச என்னால் ஆகாது என்று தொடங்கி, தம் மக்களின் வேட்டைக் காடுகள் பறிபோனதையும் பசியையும் அதில் சொல்லியிருந்தார். லண்டன் விசாரித்தது, அதன் பயனாக 1842இல் ஒரு சட்டம் வந்தது, பத்திரிகையாளரும் அரசியல்வாதியுமான ஜோசப் ஹாவ் முதல் ஆணையரானார். அத்துமீறியவர்களை வெளியேற்ற அவர் முயன்றார். ஆனால் அவர்களுக்கு வாக்கு இருந்தது, மிக்மாக்குகளுக்கு இல்லை. 1859இல் வந்த சட்டம், அத்துமீறிக் குடியேறியவர்கள் பணம் கட்டி அந்த நிலத்தை வாங்கிக்கொள்ள வழிசெய்தது. வேலியே பயிரை மேய்ந்தது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடைக்காது.

1867இல் கனடா கூட்டாட்சியாக ஆனதும் பழங்குடியினர் விவகாரம் ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசின் பொறுப்புக்குப் போனது. 1940களில் ஒட்டாவா புதிய திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது: மாநிலமெங்கும் சிதறியிருக்கும் சிறு ஒதுக்கிடங்களைக் காலிசெய்து எல்லோரையும் ஷுபெனகாடிக்கும் கேப் பிரெட்டனில் உள்ள எஸ்கசோனிக்கும் கொண்டுவந்துவிட்டால் நிர்வாகச் செலவு குறையும் என்பது கணக்கு. வீடும் வேலையும் தருவதாகச் சொன்னார்கள். போனவர்களில் பலருக்கு ஈர மரத்தில் அவசரமாகக் கட்டிய வீடுகளே கிடைத்தன, வேலை கிடைக்கவில்லை. விட்டுவந்த இடத்துக்கே திரும்பிப் போனவர்களும் உண்டு.

ஊருக்கு வெளியே மேட்டில் இருந்த உறைவிடப் பள்ளி 1930 முதல் 1967 வரை நடந்தது. கடலோர மாகாணங்களில் இத்தகைய பள்ளி இது ஒன்றுதான். பிள்ளைகள் தாய்மொழியில் பேசினால் அடி. எஸ்கசோனியின் கவிஞர் ரீட்டா ஜோ இங்கே படித்தவர். கட்டடம் 1986இல் எரிந்துபோனது. அந்த இடத்தில் இப்போது ஒரு தொழிற்சாலை இருக்கிறது. 2020இல் இதைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தார்கள். நாங்கள் போனபோது சாலையோர வேலிக் கம்பியில் செவ்வாய்க்கிழமை கட்டிய சிறு ஆரஞ்சுச் சட்டைகள் இருந்தன. மூன்று வயதுக் குழந்தைக்குப் போடும் அளவில் ஒன்றிருந்தது. அதன் பொத்தான் எல்லாம் போட்டிருந்தது.

உடன்படிக்கைகள் மறுபடி உயிர்பெற்றதும் இந்த ஊரில்தான். ஜேம்ஸ் சைமன் என்ற மிக்மாக்கின் வண்டியில் 1980இல் துப்பாக்கித் தோட்டாக்கள் இருந்ததாக வழக்குப் போட்டார்கள். வேட்டையாட எனக்கு 1752 உடன்படிக்கையே உரிமை தருகிறது என்று அவர் வாதாடினார். 1985இல் கனடா உச்ச நீதிமன்றம் அதை ஏற்று அவரை விடுவித்தது. மறு ஆண்டு மிக்மாக்குகளின் பெருந்தலைவர் டொனால்ட் மார்ஷல் அக்டோபர் 1ஐ உடன்படிக்கை நாளாக அறிவித்தார்.

வெள்ளிக்கிழமை, பாம்கெட்

அந்தப் பெருந்தலைவரின் மகனுக்கும் டொனால்ட் மார்ஷல் என்றே பெயர். செய்யாத கொலைக்காகப் பதினேழு வயதில், 1971இல், கைதாகிப் பதினோரு ஆண்டு சிறையிலிருந்து, 1983இல் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டவர் அவர். காவல்துறை முதல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை எல்லாப் படியிலும் நீதி அவரைக் கைவிட்டது என்றும், அவர் பழங்குடியினர் என்பது அதற்கு ஒரு காரணம் என்றும் விசாரணை ஆணையம் 1989இல் எழுதியது. அந்த மனிதர்தான் 1993 ஆகஸ்டில் இந்தப் பாம்கெட் விரிகுடாவில் விலாங்கு பிடித்தார். 463 பவுண்டு விலாங்கு. விற்ற பணம் 787 டாலர் 10 சென்ட். உரிமமின்றிப் பிடித்தது, உரிமமின்றி விற்றது, தடைக்காலத்தில் தடைசெய்த வலையைப் பயன்படுத்தியது என்று குற்றச்சாட்டுகள்.

விரிகுடா ஆழமற்றது, கரையோரம் கடற்புல் அடர்ந்த பழுப்பு நீர். விலாங்கு இந்தப் புல்லுக்குள்தான் பதுங்கும் என்று கரையில் படகை இழுத்துக்கொண்டிருந்தவர் சொன்னார். வளையங்களில் கட்டிய பை போன்ற வலையைப் புல்லின் விளிம்பில் இரவு முழுவதும் விட்டுவைத்தால், உள்ளே போனது திரும்பி வராது.

1760 உடன்படிக்கையின் வாசகம் மார்ஷலுக்கு அனுகூலமாக இருப்பதாக முதல் பார்வையில் யாரும் சொல்லமாட்டார்கள். ஆளுநர் ஏற்படுத்தும் அரசு வணிகக் கிடங்குகளில் அன்றி வேறு எங்கும், வேறு எவரோடும் நாங்கள் பண்டமாற்றுச் செய்யமாட்டோம் என்று மிக்மாக்குகள் அதில் உறுதி கூறுகிறார்கள். பிரெஞ்சுக்காரரோடு வணிகம் தொடராதபடி பிரிட்டிஷார் போட்ட கட்டு அது. உரிமை என்ற பேச்சே அதில் இல்லை.

ஆனால் உடன்படிக்கைக்கு முந்தைய வாரங்களின் ஆலோசனைக் குழுப் பதிவுகளை வழக்கறிஞர்கள் கொண்டுவந்தார்கள். 1760 பிப்ரவரியில் அண்டைப் பழங்குடியினரின் தலைவர்கள் பண்டமாற்றுக்குக் கிடங்கு வேண்டும் என்று தாங்களே கேட்டிருக்கிறார்கள். விலைப்பட்டியலும் பேசி முடிக்கப்பட்டது: வசந்த காலத்தில் பிடித்த பீவர் என்னும் நீர்விலங்கின் தோல் ஒரு பவுண்டுக்கு மாவு 30 பவுண்டு அல்லது பன்றியிறைச்சி 14 பவுண்டு. பின்னர் வந்த மிக்மாக்குகளுக்கும் அதே ஏற்பாடு. தோலையும் மீனையும் கொண்டுவந்து கொடுத்தால்தான் மாவு கிடைக்கும் என்றால், தோலும் மீனும் பிடிக்க அவர்களுக்கு உரிமை இருப்பதாக இரு தரப்பும் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்றுதானே பொருள்? அரசுத் தரப்பில் சாட்சி சொன்ன வரலாற்று வல்லுநரும் இதை மறுக்கவில்லை. 1999 செப்டம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் மார்ஷலை விடுவித்தது. மீன் பிடித்தும் வேட்டையாடியும் விற்று மிதமான வாழ்வாதாரம் தேடிக்கொள்ளும் உரிமை மிக்மாக்குகளுக்கு உண்டு, ஆனால் செல்வம் குவிக்கும் உரிமை அல்ல என்றது தீர்ப்பு.

சிறுபான்மை நீதிபதிகளின் கருத்தையும் சொல்ல வேண்டும். கிடங்குகள் இருந்தவரைதான் அந்த வணிக உரிமை; சில ஆண்டுகளில் கிடங்குகள் மறைந்து 1780களுக்குள் உரிமம் பெற்ற வணிகர்களும் மறைந்தபின் உரிமையும் முடிந்துவிட்டது என்றார்கள் அவர்கள். வாசகத்தை மட்டும் பார்த்தால் அந்த வாதம் வலுவானது. ஆனால் கிடங்கை மூடியது ஒரு தரப்பு. தானே மூடிய கதவைக் காட்டி உடன்படிக்கை முடிந்தது என்று சொல்ல அந்தத் தரப்புக்கு இடம் தருவதா என்ற கேள்விக்கு அந்த வாதத்தில் விடை இல்லை. பெரும்பான்மைத் தீர்ப்பு அரசின் கண்ணியம் என்று பேசியது இதைத்தான்.

தீர்ப்பு வந்ததும் நியூ பிரன்ஸ்விக்கின் பர்ண்ட் சர்ச்சில் கூண்டுகள் உடைக்கப்பட்டன. அடுத்த கோடையில் அரசுப் படகுகள் மிக்மாக் படகுகள் மீது மோதின. இரண்டே மாதத்தில், 1999 நவம்பர் 17 அன்று, நீதிமன்றம் விளக்கம் ஒன்றை வெளியிட்டது: வளப் பாதுகாப்பு போன்ற தக்க காரணங்களுக்காக அரசு இந்த உரிமையை ஒழுங்குபடுத்தலாம். மிதமான வாழ்வாதாரம் என்றால் எவ்வளவு என்று இரண்டு தீர்ப்புகளும் அளவு குறிக்கவில்லை.

சனிக்கிழமை, போட்லோடெக்

பிராஸ்டோர் ஏரிக்குள், கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், சாப்பல் தீவு. வெள்ளை மாதா கோயில் ஒன்றும் அதைச் சுற்றிச் சிறு சிறு மர வீடுகளும் தெரிந்தன. ஜூலை 26 புனித அன்னாள் திருவிழாவின்போது அந்த வீடுகள் நிறைந்திருக்கும். மிக்மாக்குகளின் பேரவை கூடுவதும் அப்போதுதான். அக்டோபரில் படகு இல்லாததால் கரையில் நின்றே பார்த்தோம். மிக்மாக்குகளோடு வாழ்ந்து அவர்கள் மொழியைக் கற்ற மையார் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் நிறுவிய திருப்பணி இது. 1749இல் கார்ன்வாலிஸுக்குப் போன கடிதத்தை எழுத உதவியவர் அவர். 1761இல் பெல்ச்சரின் வேலிப் பேச்சை மொழிபெயர்த்துச் சொன்னவரும் அவர்தான். இடையில் பிரிட்டிஷார் அவருக்கு ஆண்டுக்கு 150 பவுண்டு ஊதியம் நிர்ணயித்திருந்தார்கள். 1762இல் அவர் இறந்தபோது, கத்தோலிக்கக் குருமாருக்கு இடம் தராத ஹாலிஃபாக்ஸ் நகரம் அவருக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு செய்தது.

பெருந்தலைவர் கேப்ரியல் சிலிபாய் 1927இல் மஸ்க்ரட் என்னும் நீரெலியின் தோல்களோடு பிடிபட்டார். தோலைப் பறித்த அதிகாரியிடமே எனக்கு உடன்படிக்கை உண்டு என்று சொன்னதாகவும், சிறுவயதிலிருந்து பெரியவர்கள் வாயிலாக அதைக் கேட்டு வந்திருப்பதாகவும் அவர் நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார். 1928இல் தீர்ப்பெழுதிய நீதிபதி பேட்டர்சன், நாகரிகமற்ற காட்டுமிராண்டிகளோடு செய்தது உடன்படிக்கையே ஆகாது என்றார். 1749இல் பியூஃபோர்ட் கப்பலில் பேசிய அதே வாதம், ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்குப்பின் ஒரு நீதிபதியின் வாயிலிருந்து வந்தது. சிலிபாய்க்கு 2017இல், அவர் இறந்து பல்லாண்டுகளுக்குப்பின், மாநில அரசு மன்னிப்பு வழங்கியது. ஆவணக் காப்பகமும் எழுத்தர்களும் கொண்ட அரசு மறந்துபோனதை, பெரியவர்கள் சொல்லக் கேட்டவர் மறக்காமல் இருந்தார்.

போட்லோடெக் சமூகத்தாரும் 2020 அக்டோபர் 1 அன்று தங்கள் சொந்த மீன்பிடித் திட்டத்தோடு கடலில் இறங்கினார்கள். அவர்களுடைய கூண்டுகளையும் மீன்வளத் துறை அள்ளிக்கொண்டு போனது.

ஞாயிற்றுக்கிழமை, சிட்னி

மெம்பெர்டு என்று அந்தப் பழைய தலைவரின் பெயரையே கொண்ட சமூகம் இப்போது விடுதியும் மாநாட்டு அரங்கமும் கடைகளுமாகச் செழிப்பாக இருக்கிறது. நூறாண்டுக்கு முன் இவர்கள் துறைமுகத்தை ஒட்டிய கிங்ஸ் ரோட்டில் வாழ்ந்தார்கள். ஊர் வளர்ந்து மனை விலை ஏறியதும் அக்கம்பக்கத்தார் இவர்களை அகற்றும்படி கேட்டார்கள். எட்டாயிரம் பேருக்கு மேல் வாழும் ஊரை ஒட்டிய ஒதுக்கிடத்தைப் பழங்குடியினரின் சம்மதமின்றியே அகற்றலாம் என்று 1911இல் சட்டம் திருத்தப்பட்டிருந்தது. அதன்படி 1916இல் நீதிமன்றம் இவர்களை வெளியேற்ற உத்தரவிட்டது. 1926இல் இவர்கள் இந்த மேட்டுக்கு வந்தார்கள்.

2021 ஜனவரியில் மெம்பெர்டு முன்னின்று நடத்திய மிக்மாக் கூட்டணி, வட அமெரிக்காவின் மிகப்பெரிய கடலுணவு நிறுவனங்களில் ஒன்றான கிளியர்வாட்டரை மற்றொரு நிறுவனத்துடன் சேர்ந்து நூறு கோடி டாலருக்கு வாங்கியது. ஆழ்கடல் இறால் உரிமங்கள் அவர்கள் கைக்கு வந்தன. இதைக் காட்டி, இனி உடன்படிக்கைச் சண்டை எதற்கு, சந்தையிலேயே வென்றுவிட்டார்களே என்று எழுதியவர்கள் உண்டு. அது இரண்டு வேறு விஷயங்களைக் குழப்புவது. கிளியர்வாட்டரின் உரிமங்கள் கனடா அரசு கொடுத்தவை. வாங்கலாம், விற்கலாம், அரசு விதியை மாற்றினால் அதற்குக் கட்டுப்பட வேண்டும். போட்லோடெக்கின் கூண்டில் சிக்கும் இறாலுக்கான உரிமை 1760இல் இரு மக்களினங்கள் செய்த ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. அது எந்தப் பங்குச் சந்தையிலும் கிடைக்காது.

விமான நிலையத்துக்குப் போகும் வழியில் மைத்துனன், "அப்படியானால் மிதமான வாழ்வாதாரம் என்பது எவ்வளவு அத்தான்? யார் சொல்ல வேண்டும்?" என்றான். ஒட்டாவா தானே சொல்வேன் என்கிறது. தன் பருவத்துக்குள் மீன் பிடிக்கச் சம்மதிக்கும் சமூகங்களோடு 2021 முதல் இடைக்கால ஏற்பாடுகள் செய்துகொண்டும் வருகிறது. சிபெக்னெகாடிக் அதற்கு இணங்காமல், இருவரும் உட்கார்ந்து பேசித்தான் அளவைக் குறிக்க வேண்டும் என்கிறது. 1760 பிப்ரவரியில் மாவுக்கும் பீவர் தோலுக்கும் விலை நிர்ணயித்தது அந்த முறையில்தான் என்று அவனிடம் சொன்னேன்.